கரண்ட் வந்த பிறகு உன் அம்மா

அன்பு மகளுக்கு, உன் அப்பா சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம்.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் குறையில்லாமல் இருக்கவேண்டும். இத்தனை வருஷமாக நான் சொல்ல உன் அம்மாதான் உனக்கு எழுதினாள். இந்தத் தடவை அவளைப் பற்றியே சொல்லவேண்டியிருக்கிறது. அவளைப் பற்றிய புகாரை அவள் கையாலேயே எழுதச் சொன்னால் எழுதுவாளா? அதனால் மருந்துக்கடைக்காரரைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன். அவர் எழுத்து முத்து முத்தாக இருக்குமாம். அவரேதான் சொன்னார்.

ஃபோனில் பேசினால் என்ன என்று கேட்பாய். ஃபோன் எங்கே இருக்கிறது? மில்லில், கல்லாப்பெட்டிக்கு மேலே. நான் பேச ஆரம்பித்தால் மாவு மில் பெஞ்சில் ஊர்க்கதை பேச வந்து உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். உன் அம்மா ஸ்பீக்கரில் வேறு போட்டுவிடுவாள். குடும்பத்துச் சங்கதியை அப்படியா பேசுவது?

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவின் மோட்டார் எரிந்துபோயிற்று. இதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டாள். மகள் கவலைப்படுவாளாம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மில்லுக்கு மூன்று லைன் வருகிறது இல்லையா, அதில் ஒன்று போய்விட்டது. மூன்றும் போயிருந்தால் மோட்டார் பாட்டுக்கு நின்றிருக்கும், ஒரு சேதமும் இல்லை. ஒன்று மட்டும் போனதால் மிச்ச இரண்டை வைத்துக்கொண்டு அது முனகிக்கொண்டே சுற்றியிருக்கிறது. உன் அம்மா கோதுமைதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்துக் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தாளாம். அதற்குள் புகை வந்துவிட்டது. இப்படி ஒரு லைன் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது, வாங்கி மாட்டுங்கள் என்று லைன்மேன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டாள். எனக்கு அவள் புத்தி சொல்லும்போது மட்டும் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே செய்யவேண்டும் என்பாள்.

அந்த நேரம் நான் வீட்டில் இல்லை. சலூனில் முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். செய்தி அங்கே வந்ததும், கையில் கத்தியை வைத்துக்கொண்டு சலூன்காரன் கேட்கிறான், அண்ணே, உண்மையைச் சொல்லுங்க, மில்லு லைனோட ஃபியூஸைப் பிடுங்கினது நீங்கதானே என்று. உன் அம்மாவின் மில்மேல் எனக்குள்ள பொறாமை ஊருக்கே தெரிந்த விஷயம்தான். நான் மறைத்ததும் இல்லை. ஆனாலும் கழுத்தில் கத்தி இருக்கும்போதா இப்படிக் கேட்பது? பிறகு லைன்மேன் கம்பத்தில் ஏறிப் பார்த்து, அணில் ஒன்று கருகிக் கிடக்கிறது, யாரும் பிடுங்கவில்லை என்று சொல்லித்தான் என் மானம் பிழைத்தது.

ஆனால் அதற்கு முன்னாலேயே உன் அம்மா எனக்காகப் பரிந்து பேசிவிட்டாள். என்ன சொன்னாள் தெரியுமா? அவர் பொறாமைப்படுவார், உட்கார்ந்த இடத்திலிருந்தே பொறாமைப்படுவார், அதுக்காக எழுந்துபோய் ஒரு காரியம் செய்கிற ஆள் இல்லை என்றாளாம், பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது. அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறார்கள். இது எனக்கு நல்ல பேரா கெட்ட பேரா என்று இன்றுவரை விளங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறார். அவர் கடைக்கு ஒரு காலத்தில் நான்தான் விளக்கேற்றினேன் என்பதை மறந்துவிட்டார்.

உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, அப்போது நீ பாவாடை சட்டை. கடைத்தெரு முழுக்க என் கம்பிதான் ஓடும். நம் வீட்டுப் பின்கொட்டகையில் இஞ்சின், அதோடு டைனமோ, அங்கிருந்து கடைக்கு ஒரு பல்பு. இந்த மருந்துக்கடைக்காரர் ஒரு பல்பு போதும் என்று வாங்கிவிட்டு, அதையே முன்னாலும் பின்னாலும் மாற்றி மாற்றித் தொங்கவிடுவார். சலூன்காரனுக்கு இரண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. துணிக்கடைக்காரர் மட்டும் நாலு கேட்பார், நாலும் கொஞ்சம் மஞ்சளாக எரியவேண்டும் என்பார், அப்போதுதான் சாயம் போன துணி தெரியாது. பொழுது சாய்ந்ததும் நான் இஞ்சினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றினால், தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை லைட்டுக்காரரே வாழ்க என்று கத்துவார்கள். கடை மூடுகிற நேரம் வந்தால் ஒரு தடவை அணைத்துப் போடுவேன். நான் அப்படி ஒரு முறை கண்ணைச் சிமிட்டினால் போதும், மொத்தக் கடைத்தெருவும் கல்லாவை மூடும். எந்த அதிகாரிக்கு இருந்தது அந்த மரியாதை?

அப்புறம் கரண்ட் கேட்டு மனு எழுதினார்கள். அதில் முதல் கைநாட்டு என்னுடையது. கேட்டால் சிரிப்பாய். கரண்ட் என்பது வீட்டுக்கு வருவது, கடைக்கு எப்போதும் நம் இஞ்சின்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்திருந்தேன். கம்பம் நட வந்தவர்களுக்குக் கயிறு கொடுத்தேன், குழி தோண்டக் கடப்பாரை கொடுத்தேன், என் வாசலுக்கு நேரே ஒரு கம்பம் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன். முதல் இரண்டு மூன்று வருஷம் கவலையும் இல்லை. வந்த கரண்ட் ஒருநாள் இருக்கும், மூன்றுநாள் இருக்காது. இது விருந்தாளி, போய்விடும் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவர்களும் நம்பி என் கம்பியைக் கழட்டாமல் வைத்திருந்தார்கள். அப்புறம் புது டிரான்ஸ்ஃபார்மர் வந்தது. விருந்தாளி வீட்டுக்காரன் ஆகிவிட்டான்.

உன் அம்மா மில் வைக்கப்போகிறேன் என்றபோது நான் சிரித்தேன். எதை வைத்து அரைப்பாய், என் இஞ்சின் அதற்கெல்லாம் ஆகாது என்றேன். நான் உங்க இஞ்சினைக் கேட்கவே இல்லையே என்றாள். அவ்வளவுதான்.  அந்த ஒரு பேச்சு இன்றைக்கும் காதில் விழுந்துகொண்டிருக்கிறது.

இப்போது வந்து பார். வீட்டு முன்னறை முழுக்க அவள் ராஜ்யம். ரொட்டிக்கடைக்காரர் மூட்டை மூட்டையாகக் கோதுமை போடுகிறார். மாணவர் விடுதியிலிருந்து வண்டி வருகிறது. முன்பெல்லாம் பக்கத்து ஊருக்குச் சுமந்துகொண்டு போய் அரைத்தவர்கள், போகிற வழியில் கொடுத்துவிட்டு வருகிற வழியில் வாங்கிக்கொள்கிறார்கள். பெஞ்சுக்கு நேரே ஃபேன் மாட்டியிருக்கிறாள், காத்திருக்கிறவர்களுக்கு வேர்க்கக் கூடாதாம். நான் உட்காருகிற நாற்காலிப் பக்கம் அது திரும்புவதே இல்லை. வாசலில் போர்டு. அதைச் சுற்றிக் கலர் கலராகச் சின்ன பல்பு. எனக்குப் படிக்கத் தெரியாது என்றாலும், போர்டில் என் பேர் இல்லை என்று மருந்துக்கடைக்காரர் படித்துச் சொல்லிவிட்டார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். லைட்டுக்காரர் என்று என்னை யாரும் கூப்பிடுவதில்லை. மில்லுக்காரம்மா வீட்டுக்காரர். போன வாரம் ஒருத்தன் என்னைப் பார்த்து, மில்லுக்காரம்மா இருக்காங்களா தாத்தா என்றான். தாத்தாவாம். அவனுக்கும் தலை நரைத்திருக்கிறது.

அந்த லைன்மேன் சங்கதி தனி. மாசத்துக்கு ஒருதரமாவது எதையாவது சரிபார்க்கிற சாக்கில் வந்து உட்கார்ந்துவிடுகிறான். தம்பி, டீ சாப்பிட்டுட்டுப் போங்க என்பாள். அவன் டீயில் சர்க்கரை ஸ்பூன் கணக்கில் விழும். எனக்குச் சர்க்கரை வியாதியாம், வெறும் கஷாயம் மாதிரி ஒன்றைக் கொடுப்பாள். அவன் சுவிட்சுப் பெட்டியைத் திறந்து இது இன்னது அது இன்னது என்று சொல்ல, இவள் கண் இமைக்காமல் கேட்கிறாள். நான் இஞ்சினைப் பற்றி முப்பது வருஷமாகப் பேசுகிறேன், ஒருநாள் கொட்டாவி விடாமல் கேட்டதுண்டா?

சரி. மோட்டாரைக் கழட்டி, உள்ளே எரிந்த கம்பிச்சுருளுக்குப் பதில் புதுக் காயில் கட்ட டவுனுக்கு அனுப்பியாகிவிட்டது. அங்கே அதற்கு முன்னால் வரிசையாக மோட்டார் கிடக்கிறதாம், எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. மில் மூடிக்கிடக்கிறது. ரொட்டிக்கடைக்காரர் இரண்டுநாள் வந்து எட்டிப் பார்த்தார். விடுதிக்காரர்கள் பக்கத்து ஊர் மில்லில் விசாரித்துவிட்டார்களாம். ஒருதரம் அங்கே போய்ப் பழகிவிட்டால் திரும்பி வருவார்களா? உன் அம்மா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைக் கவனமாகக் கேள். என் டைனமோ பல்பு எரிக்கத்தான், அதை வைத்து அவ்வளவு பெரிய மோட்டாரைச் சுற்றமுடியாது. ஆனால் டைனமோவைக் கழட்டி வைத்துவிட்டு, இஞ்சின் பெல்ட்டை நேராக மில்லின் சக்கரத்தில் மாட்டினால் மோட்டாரும் வேண்டாம் கரண்டும் வேண்டாம். இஞ்சின் இழுக்கும். அன்றைக்கு ஆகாது என்றேனே, அது அப்போது சொன்ன பேச்சு. கொட்டகைக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதில் பெல்ட் போகிற அளவுக்கு ஓட்டை போட்டால் வேலை முடிந்தது. இது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து கேட்கமாட்டேன் என்கிறாள்.

நானாகப் போய்ச் சொல்லமாட்டேன். உங்க இஞ்சினைக் கேட்கவே இல்லையே என்று மறுபடியும் சொல்லிவிட்டால் அப்புறம் இந்த முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நீ சாதாரணமாகப் பேசுகிற மாதிரி பேசி, அப்பா இஞ்சின் சும்மாதானே கிடக்குது, ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன் என்று சொல்லு. நான் சொல்லச் சொன்னேன் என்று மட்டும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. பதில் எழுதினால் மருந்துக்கடை விலாசத்துக்கு எழுது.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். சீக்கிரம் பேசு.

உன் அப்பா.

*

அன்பு மகளுக்கு, அப்பாவின் ஆசீர்வாதம்.

நீ பேசினாய் என்று தெரிந்துகொண்டேன். எப்படி என்றால், மறுநாள் காலையில் உன் அம்மா கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கரண்ட் வந்த பிறகு அவள் அங்கே கால் வைத்ததே இல்லை. நான் இஞ்சினுக்குத் துணி போட்டு எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிறதே என்று முந்தினநாளே எல்லாவற்றையும் கழட்டிச் சுத்தம் பண்ணி வைத்திருந்தேன், அவள் வருவாள் என்று இல்லை.

ஏங்க, கொஞ்சம் இஞ்சினைப் போட்டுக்குடுங்களேன். இப்படி ஒரு வார்த்தை கேட்பாள் என்றுதான் காத்திருந்தேன். ஆனால் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? இஞ்சின் வாடகைக்குக் கிடைக்குமா என்றாள். கட்டின புருஷனிடம்! முகத்தைப் பார்த்தால் சிரிக்கிறாளா இல்லையா என்றுகூடக் கண்டுபிடிக்கமுடியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், கிடைக்கும், டீசல் வாங்குறது வாடகைக்காரங்க பொறுப்பு, இஞ்சின் ஓட்டுற ஆளுக்குக் கூலி தனி, அட்வான்ஸ் இல்லாம ஹேண்டிலைத் தொடமாட்டேன் என்று அடுக்கினேன். துணிக்கடைக்காரரிடம் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். பேரம்கூடப் பேசவில்லை. பேரம் பேசியிருந்தாலாவது நாலு வார்த்தை கூடுதலாகப் பேசியிருக்கலாம்.

அதோடு விட்டாளா? அவள் பங்குக்குக் கண்டிஷன் போட்டாள். மில் திறக்கிற நேரத்துக்கு இஞ்சின் சூடாகி இருக்கவேண்டும். பீடியைப் பிடித்துக்கொண்டு மில் பக்கம் வரக்கூடாது. வாடிக்கைக்காரர்களிடம் உங்க அப்பா கடைக்கு நான் எப்படி லைட்டுப் போட்டேன் தெரியுமா என்று கதை அளக்கக்கூடாது. முக்கியமாகச் சட்டை போட்டுக்கொள்ளவேண்டும். அம்மாடி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இந்த வயசில் என்னை வேலைக்கு வைத்தது உன் அம்மாதான்.

சுவரை இடிக்க மேஸ்திரியைக் கூப்பிட்டேன். எங்கே இடிக்கவேண்டும் என்று நான் கையைக் காட்டுவதற்குள் அவள் ஒரு கை மாவை எடுத்துச் சுவரில் அப்பிவிட்டாள், இங்கேதான் என்று. மேஸ்திரி என்னைப் பார்த்தான். அளந்து பார்த்தால் அவள் அப்பின இடம்தான் சரி. எனக்கு அப்படியே வயிறு எரிந்தது. அவள் இத்தனை வருஷத்தில் கொட்டகைக்குள் வராமலேயே என் இஞ்சின் எந்த இடத்தில் நிற்கிறது என்று எப்படித் தெரிந்துவைத்திருந்தாள்?

முதல்நாள் பெரிய கூத்து. என் இஞ்சின் சக்கரம் பெரியது, மில் தறிகெட்டுச் சுற்றியது. மாவு கையில் வாங்கமுடியாத சூட்டில் வந்ததாம். ரொட்டிக்கடைக்காரர், மில்லிலேயே ரொட்டி சுட்டுக் கொடுத்துட்டீங்களா என்று கேட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கத்துவது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கவில்லை, இஞ்சின் சத்தம் அப்படி. கடைசியில் கொட்டகைக்கும் மில்லுக்கும் நடுவே ஒரு இரும்புக் குழாயைச் செருகிவைத்தாள். அதில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினால் வேகத்தைக் குறை. இரண்டு தட்டினால் கூட்டு. படபடவென்று தட்டினால் நிறுத்து. வேலைக்காரனை மணி அடித்துக் கூப்பிடுகிற மாதிரி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்கள் அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே சீக்கிரம் வருகிறார்களாம். இப்படி எங்க வீட்டிலும் ஒரு குழாய் வேணுமே என்று ஒருத்தி சொன்னாளாம்.

பழைய இரும்புக்கடையில் சின்னச் சக்கரம் ஒன்று வாங்கி இஞ்சினில் மாட்டியாயிற்று. இப்போது மாவு நன்றாக வருகிறது. விடுதி வண்டி திரும்பி வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் வேறு எங்கேயும் போகவில்லை. பேர் யாருக்கு? மில்லுக்காரம்மா கெட்டிக்காரி, கரண்ட் மோட்டார் போனாலும் அசரவில்லை, எங்கிருந்தோ ஒரு இஞ்சினைப் பிடித்துவிட்டாள் என்கிறார்கள். எங்கிருந்தோவாம். அந்த எங்கிருந்தோவில்தான் நான் கைலியும் சட்டையுமாக நின்று வேர்வை வழிய ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

மகளே, நீ ஏதோ நல்லது செய்வதாக நினைத்துத்தான் பேசினாய். ஆனால் என்ன பேசினாய்? அப்பாவிடம் வாடகைக்குக் கேள் என்றா சொன்னாய்? உண்மையை எழுது. அவளாகத்தான் அப்படிக் கேட்டாள் என்றால் அதையும் எழுது. இரண்டில் எது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

குழந்தைக்குச் சளி என்று கேள்விப்பட்டேன். மருந்துக்கடைக்காரர் இங்கேயே ஒரு மருந்து பேர் சொல்லுகிறார், நீ அங்கே டாக்டரைக் கேட்டே கொடு, இவரை நம்பாதே. இதையும் அவரையே எழுதச் சொல்கிறேன்.

உன் அப்பா.

*

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லி எழுதுவது. எல்லோரும் நலமாக இருங்கள்.

உன் கடிதம் வந்தது. மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். கேட்டுப் பார் என்று மட்டும்தான் நீ சொன்னாயாம். அதற்கு அவள், உங்க அப்பாகிட்ட சும்மா கேட்டா, மோட்டார் போனாத்தான் நான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சேனான்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவார், வாடகைன்னு கேட்டா லைட்டுக்காரரா எழுந்து நிற்பார் என்றாளாம். இதை நீ முதலிலேயே எழுதியிருக்கலாம். மருந்துக்கடைக்காரரிடம் அந்த இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னேன். இரண்டு தடவை என்றேனே, மூன்று என்று வைத்துக்கொள்.

இங்கே வேலை பழகிவிட்டது. ஒன்று சொல்கிறேன். மிளகாய் விழுந்தால் இஞ்சின் சத்தம் லேசாக இருக்கும். சோளம் விழுந்தால் தொண்டை அடைத்த மாதிரி இறங்கும். இப்போதெல்லாம் அவள் குழாயைத் தட்டுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடுகிறது. சத்தம் இறங்க ஆரம்பித்ததும் நான் கூட்டிவிடுவேன். நேற்று காலையிலிருந்து மத்தியானச் சாப்பாடுவரை குழாய் சத்தமே இல்லை. ஏதாவது கோபமோ என்று ஓட்டை வழியாகக் குனிந்து பார்த்தேன். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, முழங்கைவரை மாவோடு, யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆள் யார் என்று தெரியவில்லை. பெஞ்சு மறைத்தது. லைன்மேன் இல்லை, அவன் குரல் எனக்குத் தெரியும்.

எழுத வந்த சங்கதி இதுதான். மோட்டார் திரும்பி வந்துவிட்டது. புதுக் காயில், புது வார்னிஷ், மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. முன்னறை மூலையில் சாக்கை விரித்து உட்காரவைத்திருக்கிறாள். தினமும் காலையில் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறாள். என் இஞ்சினை ஒருநாளாவது துடைத்திருப்பாளா? போகட்டும். லைன்மேன் சாமானோடு வந்தான், அந்தப் பாதுகாப்புப் பெட்டியையும் அவனே வாங்கிக்கொண்டு வந்திருந்தான். பத்து நிமிஷ வேலை, மாட்டிவிடட்டுமா அக்கா என்றான். அடுத்த வாரம் பார்த்துக்கலாம் தம்பி, இப்ப வேலை நெருக்கடி என்றாள். டீ மட்டும் கொடுத்து அனுப்பினாள், அதே சர்க்கரையோடு.

அடுத்த வாரமும் வந்தான். அதற்கு அடுத்த வாரம் என்றாள்.

அவன் கொட்டகைக்கு வந்து, என்ன பெரியவரே, மோட்டார் ரெடியா இருக்கும்போது எதுக்கு டீசலைக் கொளுத்துறீங்க என்று என்னைக் கேட்டான். உங்க அக்காவைக் கேளு என்றேன். அவங்க உங்களைக் கேட்கச் சொல்றாங்களே என்றான். நான் இஞ்சின் சத்தத்தில் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதா, மகளே? டீசல் விலைக்குக் கரண்ட் எவ்வளவோ மேல். அவள் சம்பாதிப்பதில் பாதியை என் இஞ்சின் குடிக்கிறது. சாயங்காலம் கல்லாவை எண்ணும்போது அவள் உதடு கொஞ்சம் இறுகுவதை நான் பார்க்காமல் இல்லை. ஒரு பிடி கோதுமை கூடினாலும் குறைந்தாலும் கணக்குப் பார்க்கிறவள் அவள். சுவிட்சைத் தட்டினால் சுற்றுகிற மோட்டாரை மூலையில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் கொட்டகை வாசலில் வந்து நிற்கிறாள். ஓனரே, இஞ்சின் ரெடியா என்கிறாள். ரெடி என்கிறேன். ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது எனக்கு மூச்சு வாங்கினால், அவளும் ஒரு கை கொடுக்கிறாள்.

மோட்டாரை மாட்டு என்று நான்தான் சொல்லவேண்டும். அதுதான் நியாயம், வியாபாரத்துக்கும் அதுதான் லாபம். சொல்கிறேன். சொல்லாமல் இருக்கப்போவதில்லை. இந்த விடுதி ஆர்டர் முடியட்டும், மழை வந்து போகட்டும்.

நீ ஃபோனில் பேசும்போது எல்லாம் விசாரி. மில் எப்படிப் போகிறது என்று கேள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேள், குழந்தையைப் பேசச் சொல். மோட்டார் வந்துவிட்டதே, ஏன் இன்னும் மாட்டவில்லை என்று மட்டும் கேட்டுவிடாதே. நீ கேட்டால் அவள் யோசிப்பாள். யோசித்தால் மாட்டிவிடுவாள்.

மாப்பிள்ளையையும் கேட்கவேண்டாம் என்று சொல்லிவை. அவருக்கு இந்த மாதிரிக் கணக்கெல்லாம் டக்கென்று புரிந்துவிடும். நீங்கள் மூன்று பேரும் நல்லபடியாக, ஒரே கூரையின் கீழ், ஒருத்தர் சத்தம் ஒருத்தருக்குக் கேட்கிற தூரத்தில் இருங்கள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், கண்ணு. கேட்காமல் இரு, அது போதும்.

உன் அப்பா.